மார்ச் ஒன்பதாம் தேதி விடுப்பு

"ஐயா, வரும் மார்ச் மாதம் 9ஆம் தேதி வெள்ளிக்கிழமை எனக்குச் சொந்த வேலை இருப்பதால் ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதன் நகல் என்னிடம் உள்ளது."

கோடு போட்ட தாளில் நீல மையால் எழுதிய இந்த விண்ணப்பத்தின் தேதி பிப்ரவரி 23. ஆண்டை வேண்டுமென்றே விடுகிறேன். ஆண்டைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும். வலது மூலையில் 'பெறப்பட்டது' என்ற முத்திரையும் அதன் மேல் என் சுருக்கொப்பமும் இருக்கின்றன. நான் ஓய்வு பெற்ற வருடம் பழைய காகிதங்களை எடைக்குப் போட்டார்கள். அந்த மூட்டைகளிலிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்ட சில தாள்களில் இதுவும் ஒன்று.

விடுப்புக் கடிதம் எழுதுகிறவர்கள் கேட்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நகல் பற்றிய அந்தக் கடைசி வரி இதை எழுதியவரின் சொந்தச் சேர்க்கை. எந்தக் கடிதத்தையும் அவர் அப்படித்தான் முடிப்பார். இது என்ன மிரட்டலா என்று ஒருமுறை கேட்டேன். "தகவல் சார்" என்றார்.

ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு வயர்க்கட்டு தயாரிக்கும் ஓர் ஆலையில் நான் டைம் ஆபீஸில் இருந்தேன். வருகை, விடுப்பு, தாமதம் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அவர் வயர் லைனில் வேலை செய்தார். தளிப் பக்கம் ஊர். பத்தாவது வரை படிப்பு. வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், ஆலையில் தமிழ். கடிதம் மட்டும் எப்போதும் தமிழில். லைனில் எல்லோரும் அவரை 'சீல் அக்கா' என்றார்கள். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். இங்கே அது தேவையில்லை.

எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி கொடுப்பார். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டுதான் நகர்வார். கேன்டீனில் ரசம் சரியில்லை என்றால் கடிதம். கழிவறைத் தாழ்ப்பாள் போனால் கடிதம். கேன்டீன்காரரிடம் முத்திரை இல்லை என்று தெரிந்ததும், பில் புத்தகத்தில் குத்தும் 'பணம் செலுத்தப்பட்டது' முத்திரையைப் புகாரின் மேல் குத்தச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன். ரசத்தில் புளி தூக்கல் என்ற புகாருக்குப் பணம் செலுத்தப்பட்டிருக்கிறது.

ஒருநாள் கம்பெனி பஸ் டிரைவர், நாளையிலிருந்து வண்டி அடுத்த நிறுத்தத்தில்தான் நிற்கும் என்று சொல்லியிருக்கிறார். இவர் ஒரு தாளை நீட்டினார்.

"இதுல எழுதி கையெழுத்து போடுங்கண்ணா."

"அக்கா, நான் டிரைவரு. தாசில்தார் இல்ல."

"தாசில்தாரா இருந்தா விட்ருப்பேன். அவருக்கு நூறு வேல. நாளைக்கு நீங்க மறந்து போயிட்டா நான் ரோட்ல நிக்கணும்."

டிரைவர் எழுதிக் கொடுத்தார். நிறுத்தம் மாறவில்லை. எழுதிக் கொடுக்கும்படி ஆகிவிட்டதால்தான் மாறவில்லை என்பது பஸ்ஸில் இருந்தவர்களின் கருத்து.

ஏன் இந்தப் பழக்கம் என்று ஒருமுறை விசாரித்தேன். "வாயில சொன்னத நம்பி ரெண்டு கம்பெனி மாறிட்டேன் சார். ஆறு மாசத்துல பெர்மனென்ட்டுன்னாங்க. ஏழாவது மாசம் போயி கேட்டா, அப்டி சொன்ன ஆளே வேலைய விட்டுப் போயிட்டாராம்."

வயர் லைனில் பெண்கள் காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை நின்றபடி வேலை செய்தார்கள். முன்பு ஸ்டூல்கள் இருந்தன. நின்று வேலை செய்தால் சுறுசுறுப்பு கூடும் என்று வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர், நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் விளக்கினார். ஸ்டூல்கள் போயின. மேசைகளையும் உயர்த்த வேண்டும் என்று அவர் அறிக்கையில் எழுதியிருந்தார். அது அடுத்த வருடத் திட்டத்துக்குத் தள்ளிப்போனது. அடுத்த வருடமும் அப்படியே. ஆகவே, உட்காரும் உயரத்து மேசையில் குனிந்து நின்றபடி எட்டு மணி நேரம். ஸ்டூல் கேட்டுச் சீல் அக்கா முதல் கடிதம் கொடுத்தது, ஸ்டூல்கள் போனபின் வந்த முதல் மகளிர் தினத்தன்று. அன்றைக்குத்தான் நிர்வாகம் 'உங்கள் விருப்பத்தை எழுதுங்கள்' என்று ஒரு பெட்டி வைத்திருந்தது. அவர் எழுதினார்: 'லைனில் உட்கார ஸ்டூல் வேண்டும்.'

ரோஜாப்பூ கொடுத்தார்கள்.

மறு ஆண்டு எழுதினார்: 'சென்ற ஆண்டு மார்ச் 8ஆம் தேதி கடிதம் காண்க. லைனில் உட்கார ஸ்டூல் வேண்டும்.' டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். அதற்கு மறு ஆண்டு, முந்தைய இரண்டு கடிதங்களையும் காணச் சொன்னார். குடை கொடுத்தார்கள். விழாவில் மேடையில் இருப்பவர்களுக்கு நாற்காலி. மற்றவர்கள் ஷெட்டில் நின்று கைதட்டுவார்கள். விழா நேரமும் வேலை நேரக் கணக்கில் வரும் என்பதால், அன்றைக்கு உழைக்காமல் நிற்கலாம். அதுதான் சலுகை.

அவர் முத்திரை கேட்காமல் என்னிடம் நீட்டிய ஒரே காகிதம் ஒரு டாக்டர் சீட்டு. விடுப்புக் கடிதத்துக்குச் சில வாரங்கள் முன்னால் அது.

"இதுக்கு சீல் வேணாம் சார். படிச்சிட்டு குடுத்துடுங்க."

காலில் நரம்பு சுருண்டிருக்கிறது, தொடர்ந்து நிற்கக் கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார். ஆபீஸில் கொடுக்கலாமே என்றேன். அவர் என்னை, விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"போன வருசம் மூணாவது மேசைல இருந்த பொண்ணு இதே மாதிரி சீட்டு குடுத்துச்சே, ஞாபகம் இருக்கா? கால் சரியாயி வாம்மான்னாங்க. இன்னும் கூப்பிடல. நிக்க முடியாதுன்னு நானே எழுதிக் குடுத்தா, அதுக்கு சீல் போட அவங்க ரொம்ப சந்தோசமா போடுவாங்க."

அந்தப் பெண்ணின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தவன் நான். சீட்டை மடித்துக் கொடுத்தேன். ஆக, ஸ்டூல் வந்தால் அவர் வேலை செய்யலாம். வராவிட்டால் கால் எவ்வளவு நாள் தாங்குகிறதோ அவ்வளவு நாள்தான் வேலை. அதை எந்தக் கடிதத்திலும் எழுத முடியாது.

இனி பிப்ரவரி 23க்கு வருகிறேன்.

அன்று காலை எச்.ஆர். அதிகாரி என்னிடம் இரண்டு வேலைகள் கொடுத்திருந்தார். ஒன்று, அந்த ஆண்டுப் பரிசின் மாதிரியைப் பத்திரமாக வைத்திருப்பது. அது ஒரு வாளி. பெயிண்ட் வாளி போல அழுத்தமான மூடி, முழங்கால் உயரம், ரோஸ் நிறம். வயிற்றில் 'பெண்மையைப் போற்றுவோம்' என்று அச்சு. அலமாரிப் பக்கத்தில் வைத்திருந்தேன். காலை டீ நேரத்துக்குள் அதன் நிறமும் உயரமும் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டாவது, மேனேஜர் மார்ச் 8 அன்று வாசிக்க, மகளிர் தின வரலாறு இரண்டு நிமிடத்துக்கு.

எனக்குத் தேதிகளில் ஒரு பலவீனம் உண்டு. இரண்டு நிமிடத்துக்கு ஏழு பக்கம் எழுதிவிட்டேன். பலரும் இந்த வரலாற்றை 1857இல் நியூயார்க் தையல் தொழிலாளிகள் நடத்திய ஊர்வலத்திலிருந்து தொடங்குகிறார்கள். அப்படி ஒரு ஊர்வலம் நடந்ததற்கு அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் சான்று கிடைக்கவில்லை என்று பின்னால் தேடிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். 1910இல் கோபன்ஹேகனில் கூடிய சோஷலிஸ்ட் பெண்கள், ஆண்டுக்கு ஒரு நாள் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். எந்த நாள் என்பதை விட்டுவிட்டார்கள். மறு ஆண்டு சில ஐரோப்பிய நாடுகளில் மார்ச் 19 அன்று கொண்டாடினார்கள். 1917இல் ரஷ்யத் தலைநகரில் நூற்பாலைப் பெண்கள் வேலையை விட்டு, ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுடைய பழைய நாள்காட்டியில் அன்று பிப்ரவரி 23. நம்முடையதில் மார்ச் 8. உலக நாடுகள் கூடி இந்த நாளை ஏற்றுக்கொள்ள எழுபதுகள் வரை ஆயிற்று.

எச்.ஆர். அதிகாரி படித்தார். சென்னையிலிருந்து வந்த இளைஞர், மரியாதை தெரிந்தவர். "ரொம்ப நல்லா இருக்கு சார். வேலைய விட்டாங்கன்னு வர்ற இடம் மட்டும் எடுத்துடலாம். சோஷலிஸ்ட் வேணாம். ரஷ்யா வேணாம். ரொட்டி இருக்கட்டும்" என்றார். பிறகு ரொட்டியையும் எடுத்துவிட்டார். மிஞ்சியது, பெண் நிலவுக்கு ஒப்பானவள் என்று அவரே சேர்த்த ஒரு வாக்கியம்.

வெட்டுப்பட்ட அந்தப் பக்கங்களை நான் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சீல் அக்கா விடுப்புக் கடிதத்தோடு வந்தார். என் அறையில் இருந்தது ஒரே நாற்காலி, அது எனக்கு. வருகிறவர்கள் நின்று பேசிவிட்டுப் போவார்கள். முத்திரை இருந்தது. மை அட்டையைக் காணவில்லை. இழுப்பறைகளில் தேடிக்கொண்டே பேசினேன்.

"என்னா சார் எழுதி வெச்சிருக்கீங்க, லீவ் லெட்டர விட நீளமா?"

"மகளிர் தின உரைம்மா. மேனேஜர் வாசிக்க."

"அவரு வாசிக்கறத நீங்க எழுதறீங்களா? அப்ப கைதட்டு உங்களுக்கா, அவருக்கா?"

"உங்களுக்கு."

சிரித்தார். "இந்த நாளு எப்டி சார் வந்துச்சு?"

ஏழு பக்கத்தையும் சுருக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அந்தப் பொம்பளைங்களுக்கு அன்னைக்கு ரோஸ் குடுத்தாங்களா?"

"குடுத்ததா பதிவு இல்ல."

"அப்பறம் என்னா ஆச்சு?"

"ஒரு வாரத்துல ராஜாவே பதவிய விட்டு எறங்கிட்டார்."

"நமக்கு அவ்ளோலாம் வேணாம் சார். ராஜா இருக்கட்டும். ஒரு ஸ்டூல் போதும்."

மை அட்டை கிடைத்தது. முத்திரை போட்டேன். நகலை மடித்துக்கொண்டு போனார். அவர் கடிதம் கொடுத்த தேதியும் ரஷ்யப் பெண்களின் பழைய நாள்காட்டித் தேதியும் ஒன்று என்பதைப் பின்னால்தான் கவனித்தேன். அதற்கு அர்த்தம் எதுவும் கற்பிக்கவில்லை, பதிந்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 8 வியாழக்கிழமை விழா நடந்தது. மேனேஜர் நிலவைப் பற்றி வாசித்தார். முதல் ஷிப்ட் வயர் லைனில் முப்பத்தெட்டு பெண்கள். முப்பத்தெட்டு வாளி. சீல் அக்காவும் வரிசையில் நின்று வாங்கினார், பெட்டியில் தன் கடிதத்தையும் போட்டார். பஸ்ஸில் திரும்பும்போது வாளிகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் பேசிச் சிரித்தபடி போனதாக டிரைவர் சொன்னார். என்ன பேசினார்கள் என்று அவருக்குக் கேட்கவில்லை. இன்ஜின் சத்தமாம்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் வாளியோடு இறங்கினார்கள். வாசலில் செக்யூரிட்டி மறித்தார்.

"வாளி எதுக்கும்மா?"

"நேத்து குடுத்தாங்கண்ணா."

"குடுத்தா வீட்ல வெச்சிக்க வேண்டியதுதானே. உள்ள என்னா இருக்கு?"

"தொறந்து பாருங்க. காத்து."

ஆலைக்குள்ளிருந்து பொருளை வெளியே கொண்டுபோகச் சீட்டு வேண்டும் என்று விதி உண்டு. கம்பெனி பெயர் போட்ட பொருளை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவருவதைத் தடுக்க விதி எதுவும் இல்லை. அவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்: 'வாளி, 37.' ஒன்று குறைவு. சீல் அக்கா விடுப்பு.

ஆறு மணிக்கு மணி அடித்தது. முப்பத்தேழு பெண்கள் மேசைக்கு முன்னால் வாளியை வைத்தார்கள். தளியிலிருந்து வரும் கன்னடப் பெண் ஒருத்தி, விருந்தாளியை வரவேற்கிற தோரணையில் "கூத்கோரி, கூத்கோரி" என்றாள். உட்காருங்கள் என்று அர்த்தம். உட்கார்ந்தார்கள். மேசையின் உயரத்துக்கு வாளியின் உயரம் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது.

சூப்பர்வைசர் மதுரைப் பக்கத்துக்காரர். உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏய், எந்திரிங்க எல்லாரும்! என்னத்தா இது, கல்யாண வீட்டுப் பந்தியா?"

"கம்பெனி குடுத்த கிப்டு சார்."

"கிப்டுன்னா தண்ணி பிடிச்சு வைக்கிறது. உக்கார்றதுக்கா குடுத்தாங்க?"

"எதுக்குன்னு எழுதிக் குடுக்கலியே சார்."

வேறொரு பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "பெண்மைய போத்தறோம் சார். கீழ பாருங்க, எழுதியிருக்குது."

அவர் போனில் மேலே சொன்னார். மேலே இருந்தவர்கள் வருவதற்குள், எங்களிடம் வயர் வாங்கும் கம்பெனியின் பெங்களூர் ஆபீஸிலிருந்து ஆய்வுக்கு ஒருவர் வந்துவிட்டார். அவர் அன்று வருகிறார் என்பது ஒரு மாதமாகவே அறிவிப்புப் பலகையில் இருந்தது. அவர் லைனைப் பார்த்தார். படம் எடுத்தார். முதுகு நிமிர்ந்திருக்கிறது, கை மேசை மட்டத்தில் இருக்கிறது, இது யாருடைய முயற்சி என்று மேனேஜரைக் கேட்டார்.

மேனேஜர் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. "மகளிர் தினத் திட்டம். முதல் கட்டம் இது. அடுத்தது ஸ்டூல்."

சொன்னதை அந்த ஆய்வாளர் அறிக்கையில் எழுதிக்கொண்டார். அங்கேயே எல்லாம் முடிவாகிவிட்டது.

இருந்தாலும், பாராட்டு மேலே போன அதே பிற்பகல் விசாரணை கீழே வந்தது. எச்.ஆர். அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். குறிப்பெடுத்தவன் நான்.

"முதல்ல உக்காந்தது யாரு?"

"சீல் அக்கா சார்."

அடுத்தவரும் சீல் அக்கா. அதற்கு அடுத்தவரும். பதினொன்றாவது பெண்ணிடம் அதிகாரி கொஞ்சம் கடுமையானார்.

"உங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"எங்க நின்னு பாத்தீங்க?"

"நிக்கல சார். உக்காந்துக்கினு பாத்தேன்."

முப்பத்தேழு வாக்குமூலத்திலும் ஒரே பெயர். அதிகாரி நிம்மதியோடு மெமோவுக்குத் தாள் எடுத்தார். நான் வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். பிறகு விடுப்புக் கடிதத்தைக் காட்டினேன். பதினான்கு நாளுக்கு முந்தைய முத்திரை. அவர் முத்திரையை இரண்டு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார்.

சனிக்கிழமை சீல் அக்காவைக் கூப்பிட்டார்கள்.

"எல்லாரும் உங்க பேரத்தான் சொல்றாங்க."

"பாசம் சார்."

"சும்மா இருங்கம்மா. நீங்க சொல்லித்தானே செஞ்சாங்க?"

"நான் லீவு சார். நகல் என்கிட்ட இருக்குது."

அதோடு விசாரணை முடிந்தது. மெமோ தாள் இழுப்பறைக்குத் திரும்பியது.

ஏப்ரலில் ஸ்டூல்கள் வந்தன. ஷெட் சுவரில் ஒரு பலகை மாட்டினார்கள்: 'மார்ச் 8, மகளிர் தினத்தன்று நிர்வாகத்தின் முன்முயற்சியால் இருக்கைகள் வழங்கப்பட்டன.' வழங்கியது ஏப்ரலில், உட்கார்ந்தது மார்ச் 9இல், முயற்சி யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு வரியில் மூன்று பிழை. திருத்தம் கோரி எச்.ஆருக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். "ஒரு நாள்தானே சார் வித்தியாசம்" என்றார் அதிகாரி. நான் கொதித்துப்போய் சீல் அக்காவிடம் சொன்னேன். அவர் பலகையை ஒருமுறை நிதானமாகப் படித்தார்.

"இருக்கட்டும் சார். எழுதி ஆணி அடிச்சிட்டாங்கல்ல? இனிமே யாரு வந்தாலும் ஸ்டூல எடுக்க முடியாது."

பிறகு பையிலிருந்து அந்த டாக்டர் சீட்டை எடுத்தார், இரண்டு பிரதியாக. "இப்ப இதுக்கு ஒரு சீல் போடுங்க சார்." போட்டேன். அதற்குப் பிறகும் சில வருடங்கள் அவர் அதே லைனில், உட்கார்ந்து வேலை செய்தார். பிறகு கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் வேறொரு ஆலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அவருடைய பழைய எண்ணில் இப்போது யாரோ ஒருவர் இந்தியில் பேசுகிறார்.

இந்த மார்ச்சில் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில், அந்த ஆலைச் சீருடை போட்ட ஒரு பெண் பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்: முன்பு ஒரு மேனேஜர் இருந்தாராம், அவருடைய அம்மாவுக்குக் கால் வலியாம், அந்த வேதனையைப் பார்த்து மனம் உருகி மகளிர் தினத்தன்று எல்லோருக்கும் ஸ்டூல் கொடுத்தாராம். நான் திரும்பிப் பார்த்தேன். திருத்தவில்லை. நியூயார்க் ஊர்வலத்தையே இவ்வளவு காலமாக யாராலும் திருத்த முடியவில்லை.

என் குறிப்பில் மிச்சம் ஒன்று இருக்கிறது. நின்றுகொண்டு பேசுகிறவர்களை என் நாற்காலியிலிருந்து நான் அண்ணாந்துதான் பார்ப்பேன். எத்தனையோ வருடம் அப்படிப் பார்த்துக் கழுத்துக்கு வலியே வந்திருக்கிறது. ஆனால் பிப்ரவரி 23 அன்று, "ராஜா இருக்கட்டும்" என்று அவர் சொன்னபோது இழுப்பறையிலிருந்து தலையைத் தூக்கினேன். அவருடைய முகம் என் முகத்துக்கு நேராக இருந்ததாக ஞாபகம். அந்த அறையில் இன்னொரு நாற்காலி கிடையாது. அலமாரிப் பக்கத்தில் வாளி இருந்தது.

நான் ஓய்வு பெற்ற நாளில் அதை அவரிடமே கேட்டேன்.

"நீங்க அன்னைக்கே அத எழுதி வெச்சீங்களா சார்?"

"இல்லம்மா."

"அப்ப நடக்கல" என்றார்.

மார்ச் 9 தொடங்கியது என் மேசைக்கு முன்னால்தானா, அவர் அந்த வாளியில் உட்கார்ந்து பார்த்தாரா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. அந்த நேரத்தில் நான் மை அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.